சிரிப்பைப் பிடிக்கிறவர்

பருந்து என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தது யார் என்று கடையில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும், ஆனால் சொல்லமாட்டார். சொன்னால் அதை வைத்துக்கொண்டு யாராவது எதையாவது கிளப்பிவிடுவார்கள் என்று நினைப்பு. மணி என்ன என்று கேட்டால்கூட, இவனுக்கு எதற்கு இப்போது மணி என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கைக்கடிகாரத்தைத் திருப்புவார். அப்படிப்பட்டவரை ஐந்து மாடிக் கடைக்குக் காவலாகப் போட்ட முதலாளி விவரமானவர் என்றுதான் சொல்லவேண்டும்.

முதலில் வாசலில் நின்று பைகளைச் சோதிக்கிற வேலை. கேமராக்கள் வந்தபிறகு அவரை இரண்டாம் மாடிக்கு ஏற்றினார்கள். லிஃப்டுக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஓர் அறை, ஒரு சுழல் நாற்காலி, சுவர் முழுக்கத் திரை. திரையில் பதினாறு கட்டங்கள். துணி, செருப்பு, பாத்திரம், வாசனைப் புட்டிகள், பணம் கட்டுமிடம், மாடிப்படி என்று கட்டத்துக்கு ஓர் இடம். மற்றக் கடைகளில் இந்த வேலை பார்ப்பவர்கள் கைகளைப் பார்ப்பார்கள். எந்தக் கை எந்தப் பைக்குள் போகிறது என்று கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருப்பார்கள். நம்மவர் கையைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்ப்பார். அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறவர்கள் யோக்கியர்கள். காசு கொடுக்கப்போகிறவர்களுக்கு வயிறு எரியத்தானே செய்யும். விற்கிற பெண்ணைப் பார்த்து, கண்ணாடியைப் பார்த்து, பக்கத்தில் நிற்கிறவரின் குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வளைய வருகிறார்களே, அவர்கள்தான் ஆள்.

இந்தக் கணக்கு அடிக்கடி பலித்துத் தொலைத்ததுதான் வம்பு. பள்ளித் தலைமையாசிரியை மாதிரி இருந்த ஓர் அம்மாள், எல்லா மாடியிலும் எல்லாரையும் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டே நடந்தவர், மடக்கிய குடைக்குள் வாசனைப் புட்டிகளோடு வாசலில் மாட்டினார். அன்றிலிருந்து கடையில் பருந்துக்குத் தனி மவுசு. பலிக்காமல் போனவற்றை யார் எண்ணினார்கள்? சிரித்துக்கொண்டு உள்ளே வந்து, ஓரமாகக் கூப்பிட்டுச் சோதிக்கப்பட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனவர்களும் உண்டு. அவர்களைக் கடை மறந்துவிட்டது, அவரும் மறந்துவிட்டார்.

கடைச் சாவியை இடுப்பிலிருந்து கழற்றி மாட்டுவதுபோல இந்தப் பார்வையையும் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் பிரச்சினை இல்லை. மாட்டமாட்டாரே. அவருடைய மனைவி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்த்தாள். சிரிக்கப் பிறந்தவள். கல்யாணமான புதிதில் பால் பொங்கி அடுப்பை அணைத்தால்கூடச் சிரிப்பாள். அவள் சிரித்தால் போதும், கூடத்திலிருந்து ஒரு குரல் வரும், "என்ன விஷயம்?" என்று. ஒன்றுமில்லை என்பாள். ஒன்றுமில்லாததற்கு யாராவது சிரிப்பார்களா என்று அடுத்த கேள்வி. ஒரு வீட்டைக் காலி செய்ய வெடிகுண்டு எல்லாம் வேண்டாம், இந்த இரண்டு கேள்வியைத் தினமும் இரண்டு வேளை கேட்டால் போதும். பிள்ளை படித்து முடித்த கையோடு வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், அம்மாவிடம் அரை மணி, அப்பாவிடம் சாப்பிட்டீர்களா.

போன வருடம் அவருக்கு என்னமோ ஆயிற்று. எந்த நாளில் ஆரம்பித்தது என்று சொல்லமுடியாது. சாப்பாடு இறங்கவில்லை. விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு வந்து, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். சவரம் செய்யச் சலிப்பு. இன்ன காரணம் என்று கையைக் காட்டமுடியாத துக்கம் ஒன்று ஈரத் துணி மாதிரி மேலே கிடந்தது. திரையில் இருந்த முகங்களில் கடுகடுத்த முகங்கள் மட்டும்தான் கண்ணில் பட்டன, அவையும் தன்னைப் பார்த்தே கடுகடுப்பதாகப் பட்டது. கேமராவுக்கு அந்தப் பக்கம் இப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் பட்டது.

ஒரு நாள், செருப்புக் கட்டத்தில் ஒருவன் தோல் வார் ஒன்றைச் சட்டைக்குள் செருகுவதை அவர் கண்ணாரப் பார்த்தார். போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. போகட்டும் என்று உட்கார்ந்திருந்தார். அவன் படியிறங்கி, வாசலைத் தாண்டி, போயே போய்விட்டான். மாலையில் சரக்குக் குறைகிறது என்று பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். பார்த்த மேனேஜர் பருந்தின் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அவனுக்கும் உங்களுக்கும் ஏதாவது பழக்கமா என்று நூல் விட்டுப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களைச் சந்தேகப்பட்டவருக்கு, தன்மேல் சந்தேகம் விழுந்ததும் கோபம்கூட வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனது மனைவிதான். அங்கே இருந்த மனநல மருத்துவர் மாத்திரை எழுதினார். அதோடு ஒரு பயிற்சியும் சொன்னார். மனச்சோர்வு வந்தவர்களின் கண், கூட்டத்தில் வாடிய முகத்தையும் கோப முகத்தையும்தான் முதலில் போய்ப் பிடிக்குமாம், பிடித்தால் விடாதாம். நல்ல முகத்தைத் தேடிப் போகக் கண்ணுக்குத் திரும்பத் திரும்பப் பழக்கம் கொடுத்தால், கவனம் போகிற பாதை கொஞ்சம் மாறலாமாம். சிலருக்குப் பலன் இருக்கிறது, சிலருக்கு இல்லை, மாத்திரையோடு சேர்த்து ஆறு வாரம் செய்து பார்ப்போம் என்றார். பலன் இல்லாமலும் போகலாம் என்று தானே சொல்கிற மருத்துவரைப் பருந்து அதுவரை பார்த்ததில்லை. ஒன்று ரொம்ப யோக்கியன், இல்லாவிட்டால் பெரிய ஆள் என்று முடிவு கட்டினார். இரண்டாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று தோன்றியது, ஏனென்றால் சொல்லிவிட்டு அவர் சிரித்தார்.

வெளியே வந்து பேருந்துக்காக நிற்கும்போது மனைவி சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அந்த ஆறு வாரம் நானும் இருக்கேன். அதுக்கப்புறமும் வீடு இப்படியே இருந்துச்சுன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். சண்டை போட்டுட்டுப் போகமாட்டேன். சும்மா போயிடுவேன்."

அவர் சந்தேகப்படாத ஒரே பேச்சு அதுதான். அவள் சொன்னால் செய்வாள். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வந்த பேருந்தில் ஏறி, ஆளுக்கொரு ஜன்னலில் உட்கார்ந்துகொண்டார்கள்.

பயிற்சி அறை மருத்துவமனையின் முதல் மாடியில், உடைந்த சக்கர நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், கனத்த கண்ணாடி போட்ட இளம்பெண் ஒருத்தி. அவள்தான் பயிற்சி கொடுப்பவள். பருந்து உட்காரும் முன்பே அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கம்ப்யூட்டர் தலையில் இருந்த கறுப்புப் புள்ளியைக் காட்டி, இதுக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை சார் என்றாள் அவள். அவர் நகரவில்லை. அவள் டிராயரைத் திறந்து, காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியை எடுத்து அந்தப் புள்ளிமேல் ஒட்டினாள். இவ்வளவு தயாராகப் பிளாஸ்திரி வைத்திருக்கிறாளே என்று அவருக்கு அது வேறு மண்டையைக் குடைந்தது.

திரையில் பதினாறு முகங்கள் வந்தன. நாலுக்கு நாலு. அவருக்கு அது தன் அறைக்கே போய் உட்கார்ந்ததுபோல இருந்தது. எல்லாமே கடுகு போட்டால் வெடிக்கிற முகங்கள், ஒன்று மட்டும் சிரிக்கும். அதை விரலால் தொடவேண்டும். தொட்டதும் அடுத்த பதினாறு வரும். இவ்வளவுதான் வைத்தியம். இதற்கா ஒரு பெண்ணைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார். இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது, தன் கண் பழுதாகிவிட்டது என்று எழுதிக்கொடுக்கச் சொல்லி மேனேஜர்தான் ஆள் வைத்துச் செய்கிறார் என்றும் நினைத்தார்.

அந்த நினைப்பு வந்ததும் ரோஷம் வந்துவிட்டது. சிரிக்கிற முகத்தை விரல் போய்க் கொத்தியது. அடுத்தது, கொத்து. அடுத்தது, கொத்து. அந்தப் பெண் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முதல் நாளிலேயே இவ்வளவு வேகமாக யாரும் செய்ததில்லை என்றாள். வழக்கமாகச் சோர்ந்த மனசோடு வருகிறவர்கள் கோப முகங்களில் மாட்டிக்கொண்டு தடுமாறுவார்களாம். புகழ்ச்சியாகத்தான் சொன்னாள். அவர், இவள் எதற்கு என்னைக் குளிப்பாட்டுகிறாள் என்று பார்த்தார்.

வாரங்கள் ஓடின. வேகம் ஏறிக்கொண்டே போனது. ஆனால் ஒவ்வொரு வாரமும் மருத்துவர் தூக்கம் எப்படி, பசி எப்படி, மனசு எப்படி என்று கேட்கிற கேள்விகளுக்குப் பதில் மட்டும் நகரவில்லை. மனசு இன்னும் கொஞ்சம் இறங்கியே இருந்தது. மாத்திரை ராத்திரிக்குத் தூக்கம் கொடுத்தது, பகலுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. போகிற பேருந்தில், மருந்து வாங்கும் வரிசையில், எதிர்வீட்டு வாசலில், சிரிக்கிற முகமெல்லாம் இப்போது முன்னைவிடச் சட்டென்று கண்ணில் பட்டது. படப்பட அவருக்குத் தாங்கவில்லை. உலகத்தில் இத்தனை பேர் சிரிக்கிறார்களா, இத்தனை பேரா என்று திகிலாக இருந்தது. பயிற்சி செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கதை சொல்கிறவர்களை நானும் நம்புகிறவன் இல்லை, ஆனால் இவர் விஷயத்தில் அது தலைகீழாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

வீட்டில் மனைவி அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். பழைய துணிகளைத் தனியாக, புதியவற்றைத் தனியாக மடித்து வைத்தாள். சும்மா ஒழுங்குபடுத்துகிறேன் என்றாள். அவர் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். கேட்காததற்குப் பதில் சொல்கிறவர்களைப் பற்றி அவருக்குத் தெரியாதா? கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசினாள். கதவின் இடுக்கு வழியாக ஒரு தடவை சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. அவர் கூடத்தில் உட்கார்ந்து, நாள் போய்க்கொண்டிருக்கிறது, இவள் போய்விடப்போகிறாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது வாரத்தில் ஒரு நாள், பயிற்சிக்காரப் பெண் கம்ப்யூட்டரைப் போடாமல் நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். பிஸ்கட் ஒன்றை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. எல்லாம் சரியாகச் செய்கிறீர்கள், ஆனாலும் சோர்வு ஏன் குறையவில்லை என்று எனக்குப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"சிரிக்கிற முகத்தைக் கண்டுபிடிச்சதும் உங்க மனசுல என்ன சார் தோணுது?"

அவர் யோசிக்கவே இல்லை. "மாட்டினான்னு தோணும்."

"யாரு?"

"திருட்டுப் பய. வேற யாரு சிரிப்பான்?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. வாயிலிருந்த பிஸ்கட்டை மென்று முடித்தாள். அவர் தன் கணக்கை விளக்கமாகவே சொன்னார். குடை வைத்திருந்த அம்மாளைப் பற்றிச் சொன்னார். யோக்கியன் முகத்தைச் சுளிப்பான் என்று சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் உற்சாகம்கூட வந்தது. அவளுக்கோ முகம் இஞ்சி தின்றதுபோல ஆகிக்கொண்டே போனது. நல்ல முகத்தைத் தேடட்டும் என்று இத்தனை வாரமாக இந்த மனிதரை உட்கார வைத்துக் கள்ளனைத் தேடப் பழக்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்து போய் மருத்துவரிடம் என்னமோ பேசிவிட்டு வந்தாள். கடைக்கு வருகிறவர்கள் மாதிரி முன்பின் தெரியாத முகங்கள் உங்களுக்குச் சரிப்படாது, உங்களுக்குத் தெரிந்த யாராவது சிரிக்கிற படமாகக் கொண்டுவாருங்கள், அதைச் சேர்த்துப் பார்ப்போம் என்றாள். யாருடைய சிரிப்பைப் பார்த்தால் உங்களுக்குச் சந்தேகம் வராதோ அவர்கள் படம்.

அப்படி யாரும் இல்லையே என்றார் அவர். அவருக்கே தான் சொன்னது காதில் விழுந்து கொஞ்சம் கூச்சமாக இருந்தது. சரி, வீட்டில் பார்க்கிறேன் என்று எழுந்தார்.

வீட்டுக்கு வந்து போனில் இருந்த படங்களை எல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மனைவி கல்யாண வீடுகளில் நின்றாள், பிள்ளையின் கல்லூரி வாசலில் நின்றாள், கடலுக்கு முன்னால் நின்றாள். எதிலும் சிரிக்கவில்லை. உதடு ஒட்டியிருந்தது. கையில் கேமராவோடு எதிரே நின்றது அவர்தான் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது வேறு. இவள் சிரிக்கிறவள், கதவைச் சாத்திக்கொண்டு சிரிக்கிறவள், அப்படியானால் வெளியே எங்கோ சிரிக்கிறாள். யாரோடு?

சிரி, ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன், மருத்துவமனையில் கேட்கிறார்கள் என்று மனைவியிடம் சொல்லியிருக்கலாம். வேறு எந்த மனிதனும் அப்படித்தான் செய்திருப்பான். இவர் இத்தனை வருடம் செய்ததைத்தான் செய்தார். மறுநாள் மாலை பல் மருத்துவமனைக்கு எதிரே, ஒரு தட்டச்சுப் பயிற்சிக் கூடத்தின் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். போனைக் கையில் பிடித்துக் கேமராவைத் திறந்து, தூரத்தைப் பக்கத்தில் கொண்டுவரும் வசதியைத் தட்டிவிட்டுக் காத்திருந்தார். படம் எடுக்கத்தான் வந்திருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சும்மா சொல்லிக்கொண்டார். அவருடைய நெஞ்சு அடித்துக்கொண்டது படம் எடுக்கிறவனின் நெஞ்சு மாதிரி இல்லை.

அவள் வெளியே வந்தாள். கூட ஒரு நர்ஸ், வட்ட முகக்காரி. ஆண் யாரும் இல்லை. அவர் மூச்சை விட்டார், ஆனால் கேமராவை இறக்கவில்லை. இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். பேச்சு நடுவில் மனைவி நின்றுவிட்டாள். நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். அந்த நர்ஸ் கையை வாய்க்கு நேராக விரித்து எதையோ நடித்துக் காட்ட, இவள் போதும் போதும் என்று கையை ஆட்டினாள். உள்ளங்கை அளவு திரையில் அவருக்கு அந்த முகம் முழுக்கத் தெரிந்தது. ஒரு படம் எடுத்தார். என்னைப் பற்றிப் பேசித்தான் சிரிக்கிறார்கள் என்று அடுத்த நொடியே நினைத்தார். என்னுடைய பயிற்சியைப் பற்றி, என்னுடைய மாத்திரையைப் பற்றி. இந்த வீட்டைவிட்டுப் போகப்போகிறோம் என்ற சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்றும் நினைத்தார்.

சாலையின் மறுபக்கமாக அவரும் நடந்தார். முனையில் நர்ஸ் பிரிந்து போனாள். மனைவி தனியாக நடந்தபோதும் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. காய் வாங்கினாள், காய்க்காரரிடம் என்னவோ சொன்னாள், அவரும் சிரித்தார். தங்கள் தெருவுக்குள் திரும்பினாள். அவர்கள் குடியிருந்தது மூன்றாம் மாடியில். படிக்கட்டு தெருவைப் பார்த்தபடி, கம்பி மட்டும் போட்டுத் திறந்து கிடக்கும். எதிரே இருந்த மருந்துக்கடைத் தட்டியின் ஓரமாக நின்று அவர் மறுபடி போனைத் தூக்கினார். முதல் மாடி ஏறினாள், சிரித்த முகம். இரண்டாம் மாடி ஏறினாள், சிரித்த முகம்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றாள். காய்ப்பையைக் கீழே வைத்தாள். மேலே பார்த்தாள், தங்கள் வீட்டுக் கதவு இருக்கிற திசையை. பிறகு இரண்டு கையாலும் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை அழுத்தித் துடைத்தாள். இன்னும் ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, அது போகும்வரை நின்றாள். தோள் தொங்கியது. பையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். இப்போது திரையில் இருந்தது அவருக்கு நன்றாகத் தெரிந்த முகம்.

வாசலுக்கு வரும் முன் பொருளை மறைத்துக்கொள்கிறவர்களை அவர் ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார். சட்டைக்குள் செருகுவார்கள், குடைக்குள் போடுவார்கள், குழந்தையின் போர்வைக்குள் தள்ளுவார்கள். சிரிப்பை மறைத்துக்கொண்டு சொந்த வீட்டுக்குள் போகிற ஒருத்தியை இப்போதுதான் பார்த்தார். காவல்காரன் யார் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் என்ன சார் வேண்டும் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாமல் எதற்கு இங்கே நிற்கிறார் என்பதுபோல மருந்துக்கடைக்காரர் பார்த்தார்.

அவர் மேலே போனபோது அவள் காய்களைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். மருத்துவமனையிலிருந்தா வருகிறீர்கள் என்று கேட்டாள். இல்லை என்றார். போனை நீட்டினார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். தான் சிரிக்கிற படத்தைப் பார்த்ததும் முதலில் அது யாரோ என்பதுபோலப் பார்த்தாள். பிறகு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எம் பின்னாடியே வந்தீங்களா?"

படம் கேட்டார்கள், அதற்காகத்தான் என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான், அரை உண்மை. ஆறு வாரத்தில் மீதி இருக்கிற நாள்களை நினைத்துப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் இன்றைக்கே பெட்டியைக் கட்டுவாள் என்று பயமாக இருந்தது. ஆனாலும் மழுப்ப வரவில்லை.

"ஆமா. யாரோட சிரிக்கிறன்னு பாக்கத்தான் வந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "படியில நின்னு மூஞ்சியத் தொடச்சுக்கிட்டதையும் பாத்தேன்" என்றார்.

கையும் களவுமாக மாட்டியவர்கள் முதலில் தரையைப் பார்ப்பார்கள், பிறகு வாசலைப் பார்ப்பார்கள், பிறகு கத்துவார்கள். இவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கோபம் இருந்தது, ஆனால் அதைவிட அலுப்பு இருந்தது.

"உள்ள வந்தா நீங்க கேப்பீங்க. நான் பதில் சொல்லணும். சொன்னாலும் நம்பமாட்டீங்க. அதனால வெளியிலயே சிரிச்சு முடிச்சுட்டு வர்றேன். எத்தனை வருஷமா இப்படி வர்றேன்னு எனக்கே ஞாபகம் இல்ல."

அவருக்கு வெட்கமாக இருந்தது. இவளுடைய சிரிப்பு வெளியே எங்கே போகிறது என்று தேடிப் போனது வீண், அது தினமும் இரண்டாம் மாடிவரை வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. ஒரு வருடமாக எதற்கும் வராத அழுகை கண்ணுக்குப் பின்னால் வந்து நின்றது. விழவில்லை, நின்றது.

"இனிமே படியில விட்டுட்டு வராத," என்றார். "உள்ள எடுத்துட்டு வா."

"கேப்பீங்களே."

"கேப்பேன். வாயில வந்துடும். நீ பதில் சொல்லாத."

அவள் அந்தப் பேச்சை நம்பியதுபோலத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாக அக்காவிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று என்றாள். கீழே யாரோ இரும்புக் கதவைத் தள்ளிச் சாத்தினார்கள்.

"இந்த ஞாயித்துக்கிழமை வரலன்னு சொல்லிப் பாக்கறேன்," என்றாள். "இந்த ஞாயித்துக்கிழமை மட்டும்தான்."

அவர் தலையாட்டினார். அவள் எழுந்து கூடைக்குப் போகவில்லை. போனில் இருந்த படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தாள். பார்த்ததும் அந்த நேரத்துச் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்திருக்கவேண்டும், அவர் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தாள். இன்றைக்கு ஒரு பெரியவர் பல் பிடுங்க வந்தாராம். வரவேற்பில் வைத்து உங்கள் பெயர் என்ன என்று இவள் கேட்டாளாம். அவர் பயத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஆவென்று வாயைத் திறந்தாராம். பெயர் ஐயா, பெயர் என்று இவள் மறுபடி கேட்க, அவர் இன்னும் பெரிதாகத் திறந்தாராம். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எட்டி அவர் வாய்க்குள் பார்த்தார்களாம்.

அவருக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. இதுதான் உண்மையான கதையா, அந்த நர்ஸ் நடித்துக் காட்டியது இதைத்தானா என்று ஒரு யோசனைகூட உள்ளே ஓடியது. அதை ஓடவிட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். ஓரத்தில் ஆரம்பித்து, கன்னத்துக்கு ஏறி, கண்ணுக்கு வந்துகொண்டிருந்தது. "பெரியவரோட மனைவி பக்கத்துலேருந்து..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். கேள்வி வருகிறதா என்று அவருடைய முகத்தை மேலும் கீழுமாகத் தேடினாள். எவ்வளவு வேகமாக, எவ்வளவு தேர்ச்சியாகத் தேடுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. இத்தனை வருடமாக அவளும் காவல்தான் இருந்திருக்கிறாள், ஒரே ஒரு முகத்துக்கு.

"என்ன..." என்று அவருக்கு வாய்வரை வந்துவிட்டது. அவள் உதடு ஒட்டப்போனது.

"மேல சொல்லு," என்றார்.